வலது பக்க விளக்கு

பட்டறை மேசையின்மேல் பழைய சீன நாளிதழை விரித்து, அதன்மேல் அந்த விளக்கைப் படுக்கவைத்திருந்தார் பட்டறையின் சீன முதலாளி, தௌக்கே. காடியின் முகப்பில், பம்பருக்கு மேலே பொருத்தியிருக்கும்போது விளக்கு சின்னதாகத்தான் தெரியும். கழற்றி வெளியே எடுத்தால் ஒரு பூசணிக்காய் அளவு இருக்கிறது. முன்பக்கம் பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி, தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக். பின்பக்கம் கறுப்புப் பெட்டி, அதிலிருந்து தொங்கும் கம்பிகள். உள்ளே ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி நின்றது. உங்கள் மாமா அதை இரண்டு கைகளாலும் தூக்கி மெல்லச் சாய்த்தார். தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடியது. மறுபடி சாய்த்தார், திரும்பி ஓடியது. "உள்ள வர மட்டும் வழி தெரிஞ்சிருக்கு பாருங்க மச்சான்" என்றார் என்னிடம். சிரிக்கவில்லை.

பிள்ளைகளே, மாமாவைப் பற்றி நீங்கள் கடைசியாகக் கேட்டது சாவு வீட்டுப் பேச்சுதான். "ஒரு வெளக்குக்குக் காசு பாத்தான், உசுர விட்டான்" என்று பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு சொந்தக்காரர்கள் பேசியது உங்கள் காதிலும் விழுந்தது, அத்தை காதிலும் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் பெரியவள் என்னிடம், "மாமா கஞ்சமாப்பா?" என்று கேட்டாள். அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவன். பேசும்போது முன்னுக்குப் பின் மாறிவிடும். எழுதினால் வரிசையாக வரும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா உங்கள் அம்மாவுக்கு மூத்தவர். நாங்கள் எல்லோரும் ஈப்போ டவுனுக்கு வெளியே ஒரே ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். நான் ஆலையில், ரப்பர் ஷீட்டுகளைப் புகைக்கூடத்தில் தொங்கவிடும் வேலையில் இருந்தேன். மாமா தோட்டத்து லாரி ஓட்டினார். விடியுமுன் பாலெடுக்க மரம் வெட்டுகிறவர்களைத் தூரத்துக் காட்டுக்கு ஏற்றிப் போவதும், பகலில் பாலை ஆலைக்குக் கொண்டுவருவதும் அவர் பொறுப்பு. அந்த லாரியின் விளக்குகள் வட்டமாக, சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கும். ஒன்று அணைந்துபோனால் மாமா இறங்கி, வளையத்தை நெம்பி எடுத்து, பல்பை மாற்றிவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். பல்பு தோட்டத்துக் கடையிலேயே சார்டின் டின்களுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியில் கிடக்கும். ஒரு வேளை பசியாறுகிற காசுதான். ஒரு நாள் ஆட்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு விளக்கு அணைந்துவிட்டது. கையில் பல்பு இல்லை. கடைக்காரரை எழுப்ப ஆள் அனுப்பிவிட்டு இஞ்சினை நிறுத்திவிட்டார். "ஒரு வெளக்கு போதாதாடா, வெயில் ஏறுனா பால் எறங்காது" என்று வேலை வாங்கும் தண்டல் கத்தினார். "ஆளுங்கள ஏத்திக்கிட்டு ஒத்த வெளக்குல போவ மாட்டேன். வேணும்னா நீங்க முன்னால டார்ச் புடிச்சிக்கிட்டு நடங்க" என்றார் மாமா. லாரி முழுவதும் சிரிப்பு. தண்டலும் சிரித்துவிட்டார் என்றுதான் ஞாபகம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், விளக்கின் அருமை தெரியாத மனிதர் இல்லை அவர்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். பால்மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, செம்பனையில் பாதி போய்த் தாமான் வீடுகள் வரிசையாக வந்தன. நாம் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டுக்கு வந்துவிட்டோம். மாமாவும் அத்தையும் பழைய தோட்டத்தின் ஓரத்திலேயே கட்டிக் கொடுத்த மலிவு விலை வீட்டில் தங்கிவிட்டார்கள். மாமா எங்கெங்கோ லாரி ஓட்டினார். அத்தைக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் போனதும் அதையும் விட்டார். வாரத்துக்கு மூன்று நாள் ஈப்போவில் இருக்கும் மையத்துக்குக் கொண்டுபோய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அத்தைக்குக் கிடைத்தது முதல் வரிசை. விடிவதற்கு முன்பே படுக்கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பகல் வரிசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அதில் ஓர் இடம் காலியாக வேண்டுமென்றால் என்ன நடக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் அத்தை அதைப் பற்றிக் கேட்கவே மாட்டார்.

பழைய காடி இரண்டு தடவை அத்தையை வைத்துக்கொண்டே பாதி வழியில், நடுச்சடக்கில் நின்றுவிட்டது. கால் வீங்கிய மனுஷி தாழ்வான காடியில் ஏறி இறங்கப் படும் பாட்டையும் பார்த்துவிட்டு, மாமா இருந்த சேமிப்பையெல்லாம் போட்டுக் கொஞ்சம் உயரமான, நான்கைந்து வருஷம் ஓடிய ஒரு காடியை வாங்கினார். அத்தையை மையத்தில் இறக்கிவிட்டு, அவர் படுத்திருக்கும் அந்தச் சில மணி நேரமும் போனில் கூப்பிடுகிறவர்களை ஏற்றி இ-ஹெய்லிங் ஓட்டுவார். அத்தை முடித்து வரும்போது அன்றைய சாப்பாட்டுக்கும் காடி எண்ணெய்க்கும் சேர்ந்திருக்கும். முன்பு தோட்டம் கொடுத்த லயன் வீடு, சம்பளம், ஆஸ்பத்திரி எல்லாம் இப்போது அவருக்கு அந்தக் காடிதான்.

காடி வந்த முதல் வெள்ளிக்கிழமை பழைய தோட்டத்துக் கோயிலில் பூசை போட்டோம். நீங்களும் வந்திருந்தீர்கள், சின்னவன் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கடியில் நான்தான் வைப்பேன் என்று அழுதான். தோட்டத்தில் ஆயுத பூசைக்கு லாரியும் டிராக்டரும் வரிசையாக நிற்கும் காலத்திலேயே எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்காரன்தான் தன் வண்டிக்கு முன்னால் தேங்காய் உடைக்க வேண்டும். ஒரே அடியில் உடைய வேண்டும், உருண்டு ஓடினால் அந்த வருஷம் வண்டிக்கு ஆகாது என்பார்கள். அதனால் யாரும் மெல்லப் போட மாட்டார்கள், தலைக்குமேல் தூக்கி ஓங்கித்தான் அடிப்பார்கள். அப்போது கோயிலுக்கு முன்னால் திடல் கிடந்தது, லாரி எங்கோ தள்ளி நிற்கும். இப்போது தாமான்காரர்கள் சுவரைக் கோயில் வாசல் வரை கொண்டுவந்துவிட்டார்கள். தேங்காய் உடைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு காடி நிற்கத்தான் இடம். மூக்கு கல்லை முட்டுகிற மாதிரி நிறுத்தினார் மாமா. "சைடுல போட்டு ஒடைங்கண்ணே" என்று யாரோ சொன்னார்கள். "சைடுலயா காடி போவப் போவுது?" என்று கேட்டுவிட்டு ஓங்கி அடித்தார்.

தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. 'டொக்' என்று ஒரு சத்தம் தனியாகக் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் தேங்காய் உடைந்தால் சத்தம் வரத்தானே செய்யும். எல்லோரும் குனிந்து பார்த்தது தேங்காயைத்தான். ஓடு எப்படி விழுந்திருக்கிறது, கண் எந்தப் பக்கம் பார்க்கிறது, உள்ளே பூ இருக்கிறதா என்று பார்த்து, நல்ல சகுனம் என்று சொல்லி முடிக்கவே நேரம் போய்விட்டது. விளக்குகள்மேல் பூசாரி ஏற்கனவே சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். வலது பக்க விளக்கில் ஓடு தெறித்துச் சந்தனத்துக்கு அடியில் ஒரு கீறல் விழுந்திருப்பதை யார் பார்ப்பது? பூசைச் சந்தனத்தை நாங்கள் துடைக்கவும் மாட்டோம், தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம். அப்படியே ஓட்டினார். பிறகு ஈப்போ மழை உங்களுக்குத் தெரியும், சாயங்காலமானால் கொட்டித் தீர்க்கும். சந்தனம் கரைந்து இறங்கியபோதுதான் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. உள்ளே அதற்குள் வியர்த்துப் போயிருந்தது. மாமா டேப் ஒட்டினார், வெயிலில் வைத்துக் காயவைத்தார், அத்தையின் முடி உலர்த்தும் இயந்திரத்தை வைத்து ஊதினார். தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்தப் பக்கம் இரண்டு முறை சிமிட்டிவிட்டு அணைந்துபோனது.

பட்டறைத் தௌக்கே நல்ல மனிதர். நம் ஆட்களோடு பழகிப் பழகி மலாயும் தமிழும் கலந்து பேசுவார். விளக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சத்து செட் அண்ணே, ஒரே செட்" என்றார். பல்பு என்று ஒன்று தனியாக இல்லையாம். கண்ணாடி, வெளிச்சம் தருகிற பகுதி, அதை இயக்கும் அட்டை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ஒட்டி மூடிவிடுகிறார்களாம். உள்ளே நகத்தளவு ஒன்று கெட்டாலும் முழுசாகத்தான் மாற்ற வேண்டும். கீறல் விழுந்த அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் பசை போட்டு அடைத்துக் கொடுத்திருப்பேன், காசுகூட வாங்கியிருக்க மாட்டேன் என்றார். மாமா என்னைப் பார்த்தார், நான் நாளிதழைப் பார்த்தேன். அப்புறம் தௌக்கே விலையைச் சொன்னார். தோட்டத்துக்குப் பிறகு நான் சேர்ந்த கல் ஆலையில் ஒரு மாதம் முழுவதும் ஓவர்டைம் பார்த்தாலும் கைக்கு வராத தொகை அது. மாமா சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, "ரெண்டு பக்கத்துக்குமா?" என்று கேட்டார். தௌக்கே தலையை ஆட்டி, வலது பக்கத்தை மட்டும் தொட்டுக் காட்டினார்.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருந்தார் என்று நினைக்காதீர்கள். அடிபட்ட காடிகளை வெட்டி விற்கும் கடைகள் ஈப்போவில் எத்தனை உண்டோ அத்தனைக்கும் போனார், சிலவற்றுக்கு நானும் கூடப் போனேன். கதவு கிடைத்தது, பம்பர் கிடைத்தது, இடது பக்க விளக்குகூட ஓரிடத்தில் கிடைத்தது. வலது கிடைக்கவில்லை. மோதுகிற காடிகளில் வலது பக்கம்தான் முதலில் நொறுங்கும் என்று கடைக்காரன் ஒருவன் வெங்காயம் விலை சொல்வது போலச் சொன்னான். பாகான் செராயில் ஒருவரிடம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, அவ்வளவு தூரம் போனார். அது வேறு வகை, கம்பி சேரவில்லை. தமாஷ் பண்ணவும் ஆட்கள் இருந்தார்கள். கோயிலில் பார்த்தவர்கள், "கண்ணு படக்கூடாதுன்னு ஒடைச்சீங்க, காடிக்கே கண்ணு போச்சே லா அண்ணே" என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். உங்கள் அம்மா எல்லோரிடமும் கேட்டுக் கொஞ்சம் பணம் புரட்டிக் கொடுத்தாள். அந்த வாரம்தான் அத்தைக்கு இரத்தம் ரொம்பக் குறைந்துவிட்டது, ஊசி போட வேண்டும், இலவசமாகக் கிடைக்கிற ஊசி தீர்ந்துவிட்டது, வெளியே வாங்கச் சொன்னார்கள். பணம் அங்கே போனது. அம்மா கோபப்படவில்லை. வேறு எங்கே போகும்?

காடிக்கு வருஷாந்திரச் சோதனையும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. ஒற்றை விளக்கோடு போனால் தேறாது, தேறாமல் ஆள் ஏற்ற முடியாது. ஓட்டம் நின்றது. விளக்கு வாங்க ஓட்டம் வேண்டும், ஓட்டத்துக்கு விளக்கு வேண்டும். மாமா பகலில் ஒரு காய்கறிக் கடையில் மூட்டை இறக்கப் போனார். அறுபதை நெருங்கிய மனிதர். அத்தையை மட்டும் அதே காடியில் கொண்டுபோனார். "நான் வந்து கூட்டிட்டுப் போறேன் மச்சான்" என்று சொன்னேன். எனக்குக் காலை வேலை இல்லாத வாரங்களில் போகவும் செய்தேன். மற்ற வாரங்களில், "ஒரு நா ரெண்டு நா கதையா இது? நீங்க வேலையப் பாருங்க" என்பார்.

அப்போது அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தோட்டத்து முச்சந்தியில் விடிவதற்கு முன் ஃபேக்டரி பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு ஈப்போ பக்கம் போகும். மாமா முன்னாலேயே போய் ஓரமாக நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். பஸ் கிளம்பியதும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போவார். பஸ்ஸின் வெளிச்சம் முன்னால் சடக்கைக் காட்டும், எதிரில் வருகிறவனுக்கும் பெரிய வண்டி வருகிறது என்று தெரியும். பஸ் ஓட்டுகிற மலாய்க்காரப் பெரியவர் ஒரு நாள் இறங்கி வந்து, ஏன் எப்போதும் பின்னாலேயே வருகிறாய் என்று விசாரித்தார். மாமா விளக்கைக் காட்டினார், உள்ளே உட்கார்ந்திருந்த அத்தையைக் காட்டினார். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு வளைவுகளில் பஸ் மெதுவாகப் போகும் என்று அத்தை சொல்வார். கடன் வாங்கிய வெளிச்சம் என்று மாமா அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு ஃபேக்டரி மூடினார்கள். பஸ் வராது என்று மாமாவுக்குத் தெரியும். மையத்துக்கு விடுமுறை கிடையாது, அத்தையின் உடம்புக்கும் கிடையாது. அந்த வாரம் எனக்குக் காலை வேலை. அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட முன்னதாகக் கிளம்பினார், ரொம்ப மெதுவாக ஓட்டினார் என்று அத்தை சொன்னார். செம்பனைக்கு நடுவில் போகும் அந்தச் சடக்கில் விளக்குக் கம்பம் கிடையாது. எதிரே இரவுக் காவல் முடிந்து ஒருவர் மோட்டார்சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். தூரத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வெளிச்சம். அதுவும் ஒரு மோட்டார்சைக்கிள், தன் ஓரத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்து, ஒரு மோட்டார்சைக்கிளுக்கு வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு நடுச்சடக்கில் வந்தார். காடியின் இருட்டான பாதி இருந்தது நடுச்சடக்கின் பக்கம். அவர் மேலே ஏறிவிடக் கூடாது என்று மாமா ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். ஓரத்தில் சிமெண்டுக் கால்வாய். மோட்டார்சைக்கிள்காரருக்குக் கையில் சிராய்ப்பு. அத்தைக்குத் தோள் எலும்பு. மாமா அங்கேயே போய்விட்டார். "அந்த மோட்டார்சைக்கிள் ஆளுக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று கேட்டாராம். அத்தை அதற்குப் பதில் சொல்வதற்குள் முடிந்துவிட்டது.

அன்றைக்கும் ஆம்புலன்சில் கொண்டுபோய், தோளுக்குக் கட்டுப் போட்டு, அத்தைக்கு இரத்தம் சுத்தம் செய்தார்கள். செய்யாமல் விட முடியாதே. மாமாவின் உடல் அதே ஆஸ்பத்திரியில் கீழே இருந்தது. நான் மேலேயும் கீழேயும் போய் வந்துகொண்டிருந்தேன். அத்தை அழவில்லை, சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் சொல்கிறேன். விளக்குக்குக் காசு பார்த்தவர் இல்லை மாமா. அந்தக் காசுக்கு அவரிடம் இரண்டு செலவு இருந்தது, இரண்டில் ஒன்று அத்தை. ஒரு மனிதன் சந்தனத்தைத் துடைக்காமல் விட்டதற்குத் தண்டனை ஒரு பல்பாக இருந்த காலமும் உண்டு. இப்போது அழகுக்காகவும் பளபளப்புக்காகவும் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டி மூடி விற்கிறார்கள். அதை வடிவமைத்த படித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. காடியின் மூன்றாவது கையிலும் நான்காவது கையிலும் யார் இருப்பார்கள், எந்தச் சடக்கில் ஓட்டுவார்கள் என்று அவர்கள் மேசையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்களில் ஒருவர் நாளைக்கு அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்தால் கேளுங்கள். எனக்கு வேறு சொல்லத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கருமாதி முடிந்த மறுநாள் மத்தியானம் நான் அத்தை வீட்டில் இருந்தேன். போலீஸ் விட்ட பிறகு நசுங்கிய காடி தௌக்கேயின் பட்டறைக்குப் பின்னால்தான் கிடந்தது. ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினான். தௌக்கே அனுப்பினாராம். வீட்டம்மாவைக் கேட்காமல் அந்தக் காடியிலிருந்து ஓர் ஆணியைக்கூடக் கழற்றித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். வாசலில் தொங்கிய பந்தல் கயிற்றையும், கூடத்தில் மாலை போட்ட படத்தையும் பார்த்த பிறகுதான் எந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது. திரும்பிப் போகப் பார்த்தான். அத்தைதான் கூப்பிட்டார்.

அவனுடைய காடியும் அதே மாதிரியாம். ஒரு லாரி பின்னால் எடுத்தபோது விளக்கில் இடித்துவிட்டதாம். புது விளக்குக்கு அவனாலும் முடியவில்லை. மாமாவின் காடி கால்வாயில் விழுந்த பக்கம்தான் நசுங்கியிருந்தது, ஆனாலும் அந்தப் பக்கத்து விளக்கு எப்படியோ தப்பியிருந்தது.

"எந்தப் பக்கம்பா ஒனக்கு?" என்று அத்தை கேட்டார்.

"லெப்ட்டு, அக்கா."

"மத்தது எரியுதா?"

"எரியுதுக்கா."

"கூட யாரு வருவா?"

"சம்சாரம். அவ ஃபேக்டரில காலை ஷிப்ட்டு, நான்தான் எறக்கிவிடணும்."

அவன் பர்சைக் கையில் எடுத்தான். என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தான். அத்தை கட்டுப் போட்ட தோளோடு மெல்ல எழுந்து கதவுவரை வந்தார். அவன் மோட்டார்சைக்கிளின் விளக்கைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மலைப் பக்கம் மழை கறுத்துக்கொண்டு வந்தது.

"தௌக்கேக்கு போன் போட்டுக் கழட்டிக் குடுக்கச் சொல்லுங்க தம்பி" என்றார் என்னிடம். பிறகு அவனைப் பார்த்து, "காசு வேணாம். இன்னிக்கே மாட்டிரு. நாளைக்குன்னு வச்சிடாத" என்றார்.